ஓஆத்தா, ஆப் பாஸ்வேர்டா? தண்டர்பேர்டில் ஜிமெயில் நுழைய மறுக்கும்போது

சென்னையில் தம்புச்செட்டித் தெருவிலும் மண்ணடியிலும் உள்ள கிளியரிங் ஏஜென்ட் (சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தருபவர்) அலுவலகங்களுக்கு இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் மின்னஞ்சலில் வந்து குவிகின்றன. பழைய அஞ்சல்களைக் கணினியிலேயே தேடி எடுக்க வேண்டியிருப்பதால், அங்கே பலர் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளை நிறுவிக்கொள்கிறார்கள். நிறுவிய கையோடு என்னிடம் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: உலாவியில் ஜிமெயிலுக்குள் நுழைய விடும் அதே கடவுச்சொல்லைத் தண்டர்பேர்ட் தவறு என்கிறது.

கடவுச்சொல்லில் பிழை இல்லை. கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொடுத்துப் பிற மென்பொருள்கள் உள்ளே வரும் வழியைக் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் மூடத் தொடங்கியது. அதன்பின் இருப்பவை இரண்டு வழிகள்: ஓஆத், ஆப் பாஸ்வேர்டு.

ஓஆத் முறையில் கடவுச்சொல்லைத் தண்டர்பேர்ட் சேமித்து வைப்பதில்லை. கூகுளின் நுழைவுப் பக்கம் தனிச் சாளரத்தில் திறந்து, நாம் அனுமதித்ததும் கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு, மட்டும் மென்பொருளுக்குக் கிடைக்கிறது. பாதுகாப்பில் இதுவே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தண்டர்பேர்டில் குக்கீகள் (இணையதளங்கள் கணினியில் வைக்கும் சிறு பதிவுகள்) தடுக்கப்பட்டிருந்தால் இந்த நுழைவு நிறைவேறாது. கணக்கு முதலாளியின் பெயரில் இருந்து, அவர் ஹார்பரில் சரக்கோடு நின்றிருந்தால், உறுதிப்படுத்தும் அறிவிப்பு அவருடைய கைபேசிக்குப் போய்விடும். எனவே அவர் அருகில் இருக்கும்போதே இந்த வேலையை முடிக்க வேண்டும்.

ஆப் பாஸ்வேர்டு என்பது கூகுள் உருவாக்கித் தரும் 16 எழுத்துகள். கடவுச்சொல்லோடு இன்னோர் உறுதிப்படுத்தலும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு இயக்கத்தில் இருந்தால்தான் அது கிடைக்கும். அந்த எழுத்துகள் ஒருவர் கையில் சிக்கினால், கைபேசி உறுதிப்படுத்தல் எதுவுமின்றி அவர் அஞ்சல்களைப் படித்துவிடலாம் என்பதால், மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைக்கும் பழக்கத்தை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு: கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை யாராவது மாற்றினால், கொடுத்து வைத்த ஆப் பாஸ்வேர்டுகள் அனைத்தும் செல்லாமல் போகும். நேற்றுவரை வேலை செய்தது இன்று காலை நின்றுவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

எந்த வழியானாலும், அங்கீகார முறை என்ற அமைப்பு அதற்குப் பொருந்த வேண்டும்: முதலாவதற்கு ஓஆத்2, இரண்டாவதற்கு ‘சாதாரணக் கடவுச்சொல்’ என்ற தேர்வு; கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அந்த 16 எழுத்துகளைக் கொடுக்க வேண்டும். அஞ்சலைப் பெறும் சேவையகத்தில், அதாவது ஐமேப் (அஞ்சலைப் பெறும் நெறிமுறை) 993 போர்ட்டில் (இணைப்பு எண்), இதைத் திருத்திவிட்டு அனுப்பும் சேவையகத்தை மறந்துவிடுகிறோம். தண்டர்பேர்டில் எஸ்எம்டிபி, அதாவது அஞ்சலை அனுப்பும் நெறிமுறையின் அமைப்பு தனிப்பட்டியலில் இருப்பதால், அஞ்சல் வரும், ஆனால் போகாது. அங்கும் அதே முறையைத் தேர்ந்து, இணைப்பின் பாதுகாப்பு முறையைப் போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று வைக்க வேண்டும். பிறகு சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலில் பழைய பதிவை நீக்கி, மென்பொருளை மூடித் திறந்தால் புதிதாக நுழையச் சொல்லும்.

மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்.காம் தனிநபர் கணக்கில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. 2024 செப்டம்பர் 16-க்குப் பிறகு அங்கே ஓஆத் மட்டுமே.

ஜிமெயில் வைத்திருக்கும் அலுவலகத்தில் கணினிகள் எல்லாவற்றுக்கும் ஓஆத்தையே அமைப்பேன். ஸ்கேன் செய்த தாளை நேரே அஞ்சலில் அனுப்பும் பழைய இயந்திரத்துக்கு ஓஆத் தெரியாது என்பதால், அதற்கு மட்டும் ஓர் ஆப் பாஸ்வேர்டு எடுத்து, கணக்கில் ‘ஸ்கேனர்’ என்றே பெயரிட்டு வைப்பேன். இயந்திரத்தை விற்கும் நாளில் மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் நீக்கிவிடலாம்.