லோயாட்டில் பிஎஸ்5 வாங்கும் முன்: மலிவான பெட்டி மலிவு இல்லை

கோலாலம்பூரின் மின்னணுச் சந்தையான லோயாட் பிளாசாவுக்கு சோனியின் கேம் கன்சோலான பிஎஸ்5 ஸ்லிம் வாங்கப் போகிறீர்களா? டிஸ்க் டிரைவ் உள்ள செட்டையே வாங்குங்கள், அதுவும் மலேசியா செட்டாகப் பார்த்து வாங்குங்கள். டிரைவ் இல்லாத டிஜிட்டல் செட் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) குறைவுதான். அந்தக் குறைவைப் பின்னால் உங்களிடமே வசூலிப்பதற்கான ஏற்பாடும் அதே பெட்டிக்குள் இருக்கிறது.

கன்சோல் வியாபாரத்தில் காசு பெட்டியில் இல்லை, கேமில் இருக்கிறது. வெளி நிறுவனத்தின் கேம் ஒன்று சோனியின் ஆன்லைன் கடையில் விற்றால், விலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சோனிக்குப் போகும். 2006இல் பிஎஸ்3ஐ 499, 599 டாலருக்கு விற்றபோதும் ஒவ்வொரு பெட்டியிலும் சோனிக்கு நஷ்டம்தான். கேம் நிறுவனமான எபிக், ஆப்பிள் மீது போட்ட வழக்கில், 2021 மே மாதம், எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்று இதுவரை லாபம் பார்த்ததே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரியே சாட்சி சொன்னார். நிண்டெண்டோ மட்டும் பெரும்பாலும் இந்த வழியில் போவதில்லை. வீ கன்சோலைத் தொடக்கத்திலிருந்தே லாபத்தில் விற்றது.

இந்த நஷ்டக் கணக்கு வாங்குபவருக்குச் சாதகமாக இருந்த காலமும் உண்டு. 1995இல் சேகா நிறுவனம் தன் சாட்டர்ன் கன்சோல் 399 டாலர் என்று அறிவித்த அதே கண்காட்சியில் சோனி தன் முதல் பிளேஸ்டேஷன் 299 என்று சொல்லி ஆட்டத்தையே மாற்றியது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குள் கினெக்ட் கேமராவைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலர் கேட்டார்கள். பிஎஸ்4 399க்கு வந்தது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் கேமராவைக் கழற்றிவிட்டு விலையைச் சமன் செய்ய வேண்டியதாயிற்று. 2000இல் 299 டாலராக இருந்த பிஎஸ்2, 2009இல் 99க்கு இறங்கியது. அதனால்தான் “ரெண்டு வருஷம் பொறு, விலை இறங்கும்” என்று இன்னும் பலர் சொல்கிறார்கள்.

இந்தத் தலைமுறையில் அந்தப் பேச்சு எடுபடாது. 2020 டிசம்பரில் பிஎஸ்5 இங்கே 2,299 வெள்ளிக்கும், டிஜிட்டல் செட் 1,869 வெள்ளிக்கும் வந்தன. 2022இல் டிஸ்க் செட் 2,499 ஆனது. அமெரிக்காவில் 399 டாலராக இருந்த டிஜிட்டல் செட் 2025 ஆகஸ்டில் 499.99. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 299இலிருந்து 2025 அக்டோபரில் 399.99. முன்பெல்லாம் சில்லு சிறிதாகும்போது தயாரிப்புச் செலவும் சேர்ந்து குறையும். இப்போது சிறிய சில்லு மலிவாக வருவதில்லை. நினைவகச் சில்லு விலையும் ஏறுகிறது. இன்னொன்று, போட்டியே தளர்ந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த கேம்களையே பிஎஸ்5இல் விற்கிறது. எதிராளியே தன் சரக்கைச் சோனியின் கடையில் கொண்டு வந்து வைக்கும்போது சோனி எதற்காக விலையைக் குறைக்கப்போகிறது? காத்திருப்பதாக இருந்தால் மே இறுதியில் தொடங்கும் சோனியின் டேஸ் ஆஃப் ப்ளே சலுகைக்கோ, நவம்பர் சலுகைக்கோ காத்திருங்கள். நிரந்தரமாக இறங்கட்டும் என்று உட்கார்ந்திருப்பதில் பலனில்லை.

இனி டிஸ்க் கணக்கு. இங்கே அறிமுகமானபோது இரண்டு செட்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 430 வெள்ளி. ஒரு கேமை 250 வெள்ளிக்கு டிஸ்க்காக வாங்கி, முடித்துவிட்டு, பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் 150க்குத் தள்ளுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விளையாடிய செலவு 100. அதே கேமை டிஜிட்டலாக வாங்கினால் 250ம் போனது போனதுதான். விற்க முடியாது, தம்பிக்குக் கொடுத்தனுப்ப முடியாது. கேமுக்கு 150 வெள்ளி மிச்சம் என்றால் மூன்றாவது கேமிலேயே 430 திரும்பிவிடும். டிஜிட்டல் செட்காரருக்கு சோனியின் கடையைத் தவிர வேறு கடை கிடையாது, அங்கே பேரம் பேச ஆளும் கிடையாது. செகண்ட் ஹேண்ட் டிஸ்க் எத்தனை கை மாறினாலும் சோனிக்கு ஒரு காசும் வராது. டிஜிட்டல் செட்டின் விலையைக் குறைத்து வைத்ததற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

“பிறகு டிரைவ் வாங்கி மாட்டிக்கொள்ளலாமே” என்று கடைக்காரர் சொல்வார். ஸ்லிம்மில் அது முடியும்; பக்க மூடியைக் கழற்றி டிரைவைச் செருகினால் போதும், முதல் முறை இணைய இணைப்பில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் விலையைப் பாருங்கள். ஸ்லிம் அறிமுகமான 2023இல் அமெரிக்காவில் இரண்டு செட்டுக்கும் வித்தியாசம் 50 டாலர், தனி டிரைவ் 79.99. மனம் மாறியதற்கு 30 டாலர் தண்டம். பிஎஸ்5 ப்ரோ வாங்குபவர்களுக்கு டிஸ்க் செட்டா, டிஜிட்டல் செட்டா என்ற தேர்வுகூட இல்லை. 699.99 டாலருக்கு வந்த அந்தப் பெட்டிக்குள் டிரைவே கிடையாது.

டிஸ்க் வாங்கும்போது வட்டாரம் பார்க்க வேண்டும். பிஎஸ்5இல் எந்த நாட்டு கேம் டிஸ்க்கும் ஓடும். கேமுக்குப் பின்னால் தனியாக வாங்கும் கூடுதல் உள்ளடக்கம்தான் (டிஎல்சி) காலை வாரும். மலேசியப் பிளேஸ்டேஷன் கணக்கில் வாங்கும் டிஎல்சி, ஆர்3 என்று கடைகளில் சொல்லும் ஆசிய டிஸ்க்கோடுதான் சேரும். அட்டையில் ஈஎஸ்ஆர்பி வயது முத்திரை இருந்தால் அது அமெரிக்க டிஸ்க், பெகி இருந்தால் ஐரோப்பிய டிஸ்க். இருபது வெள்ளி குறைவு என்று அதை எடுத்துவிட்டுப் பிறகு டிஎல்சி வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்கள் நிறைய. டிஎல்சி இல்லாத கேம் என்றால் தயங்காமல் எடுக்கலாம்.

கவுன்டரில் காசு கொடுக்கும் முன் பெட்டியின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். சிஎஃப்ஐ-2018ஏ என்பது போல ஓர் எண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் 18 என்றால் நம் வட்டாரத்துக்கு வந்த செட். 00 என்றால் ஜப்பான். ஏ என்றால் டிஸ்க், பி என்றால் டிஜிட்டல். லேபிளில் உள்ள வரிசை எண்ணும், கன்சோலின் பின்புறம் உள்ள எண்ணும், ரசீதில் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். “கடை வாரண்டி” என்று மட்டும் சொன்னால், அந்தக் கடை இருக்கும்வரைதான் வாரண்டி என்று அர்த்தம். ஸ்லிம் பெட்டிக்குள் செங்குத்தாக நிறுத்தும் ஸ்டாண்ட் வராது, அது தனி விலை. படுக்கவைக்க இரண்டு சின்னப் பிளாஸ்டிக் கால்கள் வரும். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் முதலில் காணாமல் போயிருப்பவை அவைதான்.

ஜப்பான் செட்டில் இப்போது ஒரு பெரிய கண்ணி. 2025 நவம்பரில் சோனி ஜப்பானில் 55,000 யென்னுக்கு ஒரு டிஜிட்டல் செட் விட்டது. அப்போது அங்கே சாதாரண டிஜிட்டல் செட் 72,980. மலிவுதான், ஆனால் ஜப்பானிய மொழி மட்டும், ஜப்பான் கணக்கு மட்டும். நிண்டெண்டோ இதை முன்பே செய்துவிட்டது: 2025இல் அதன் சுவிட்ச் 2 கன்சோல் ஜப்பான் மொழிச் செட்டாக 49,980 யென்னுக்கும், பன்மொழிச் செட்டாக 69,980க்கும் வந்தது. யென் சரிந்த நேரத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு விலையைத் தாழ்வாக வைத்து, வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போகாமல் போட்ட பூட்டு இது. கோலாலம்பூரில் யாராவது சந்தை விலையைவிடப் பல நூறு வெள்ளி குறைத்து சுவிட்ச் 2 தருகிறார் என்றால், கடையிலேயே செட்டை ஓட்டச் சொல்லி மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதோடு, சுவிட்ச் 2இல் கேம் ஏற்ற மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டைதான் வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய மைக்ரோஎஸ்டி உதவாது.

எக்ஸ்பாக்ஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இங்கே கிடைப்பவை பெரும்பாலும் இறக்குமதி செட், பழுதானால் அலைச்சல். அந்த கேம்கள்தான் வேண்டுமென்றால், கணினியில் விளையாடுவதற்கான மைக்ரோசாஃப்ட் சந்தா, பிசி கேம் பாஸ், மலேசியாவில் அதிகாரபூர்வமாகவே இருக்கிறது.

பிஎஸ்5க்குப் பின்னால் வரும் செலவுகளில் இரண்டை இப்போதே ஒதுக்கி வையுங்கள். ஆன்லைனில் விளையாடப் பெரும்பாலான கேம்களுக்கு சோனியின் பிஎஸ் பிளஸ் சந்தாவில் அடிமட்டத் திட்டமான எசென்ஷியல் போதும். இங்கே உச்சத் திட்டத்தின் பெயர் டீலக்ஸ், அதில் கிளவுட் ஸ்ட்ரீமிங் கிடையாது. அடுத்தது சேமிப்பு. ஸ்லிம்மின் 1 டெராபைட்டில் கையில் வருவது 848 ஜிகாபைட்தான். டிஸ்க்கில் வாங்கினாலும் கேம் முழுவதும் பெட்டிக்குள் இருக்கும் சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குள் ஏறும். சேர்க்க நினைத்தால் லோயாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்.2 எஸ்எஸ்டி போதும்: ஜென்4, நொடிக்கு 5,500 மெகாபைட் வேகம், சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் தகட்டோடு சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். கேமிங் என்று எழுதிய பெரிய ஹீட்சிங்க் உள்ளதை எடுத்தால் மூடி மூடாது.

மாலை மழையும் இடியும் வழக்கமான ஊர் இது. விளையாடாத நேரத்தில் பிளக்கையும் மோடத்திலிருந்து வரும் லேன் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்னல் தாக்கினால் எச்டிஎம்ஐ போர்ட்டோ பவர் சப்ளையோ போகும், வாரண்டி அதை ஏற்காது.