டூப்ளிகேட் கோட்லெஸ் ட்ரில், கிறைண்டர்: இரண்டு வருசப் பாவனைக்குப் பிறகு

கொழும்பு 12, ஹாட்வெயார் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஜப்பான் கம்பனியான மகிட்டாவின் அதே கடல்பச்சை நிறம், அதே உருவம், பெயர் மட்டும் வேறு. ட்ரில், இரண்டு பற்றரி, சார்ஜர், கொஞ்சம் பிட் எல்லாம் சேர்த்து, அசல் ட்ரில்லின் வெறும் உடம்பு விலைக்கும் குறைவு. அப்படியொரு ஹேமர் ட்ரில்லும் (சுவர் துளைக்கத் தட்டிக்கொண்டே சுழல்வது), இரும்பு வெட்டித் தேய்க்கும் நாலு இஞ்சி கிறைண்டரும் இரண்டு வருசத்துக்கு மேலாக என்னிடம் இருக்கின்றன. ட்ரில், கொடுத்த காசுக்குப் பிழையில்லை. பற்றரி சுத்த ஏமாற்று. கிறைண்டரை யாருக்கும் சொல்லமாட்டேன்.

பற்றரியில் 88 வோல்ற் என்று போட்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே 18650 எனப்படும் விரல் பருமன் உருளைச் செல் ஐந்தே ஐந்து. லித்தியம் செல் ஒன்று சாதாரணமாக 3.6 வோல்ற், முழுச் சார்ஜில் 4.2. ஐந்தைத் தொடராக இணைத்தால் 18, மிஞ்சினால் 21. அசல்காரன் 18 என்று விற்பதும் இதுவும் ஒரே வோல்ற்தான், 88 எங்கிருந்து வந்ததோ! எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதற்குப் போட்டிருந்த 6 ஆம்பியர் மணியும் அதே கதை. இந்த அளவுச் செல்லில் 3.5க்கு மேல் அடைப்பதே கஷ்டம். அசல் 5 ஆம்பியர் மணிப் பற்றரிக்குள் பத்து செல் இருப்பதால்தான் அது 600 கிராமைத் தாண்டுகிறது. கடையிலேயே கையில் தூக்கிப் பாருங்கள், பாரம் பொய் சொல்லாது. என்னுடைய ஒன்று முதல் வருசத்திலேயே செத்துவிட்டது. மற்றதை ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜில் போடுவதில்லை.

அப்படியானால் வெறும் மிசினை வாங்கி அசல் பற்றரியைப் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். தெஹிவளையில் பென்ட்ரி கபேட் அடிக்கும் தச்சுப் பாஸ் ஒருவரிடம் நானும் மகிட்டாப் பற்றரி இரவல் கேட்டேன். "தம்பி, மிசின வேணுமெண்டா இரவல் தாறன், பற்றரிய மட்டும் கேக்காதீங்க" என்றார். காரணம் இருக்கிறது. மகிட்டாவில் சார்ஜ் இறங்கினால் கரண்டை வெட்டுவது பற்றரி அல்ல, மிசின். பற்றரி தகவல் கொடுக்கும், மிசின் நிற்கும். டூப்ளிகேட்டுக்கு அந்தப் பேச்சு விளங்காது. செல் சாகும்வரை உறிஞ்சும்.

ட்ரில்லுக்கு வருவோம். திரைச்சீலைக் கம்பி, அலுமாரிப் பிணைச்சல், புளொக்கல் சுவரில் றோல் பிளக் (ஸ்குரூ இறுகத் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் குழல்), எல்லாம் செய்தாயிற்று. பிட்டைப் பிடிக்கும் சக் கொஞ்சம் ஆடும், 6 மில்லிமீற்றர் துளை பெருத்து பிளக் தளரும். 5 மில்லிமீற்றரில் தொடங்கிப் பெருப்பித்தால் சரி. வெள்ளவத்தை மாடி வீடுகளின் கொங்கிறீற் பீமில் முக்கும். ஆனால் அதில் அசல் ஹேமர் ட்ரில்லும் திணறும். அதற்கு இன்னும் பலமாக இடித்துத் துளைக்கும் ரோட்டரி ஹேமர்தான் வேண்டும், வாடகைக்கே எடுக்கலாம். 'பிரஷ்லெஸ்' என்று ஒட்டியிருந்தது, காற்றுத் துளைக்குள் நீலப் பொறி பறக்கிறது! பொறி வருவது மோட்டருக்குள் உரசும் கரித்துண்டான பிரஷ்ஷில்தான், அது இல்லாத மோட்டரில் பொறி ஏது?

கிறைண்டர் வேறு விசயம். ட்ரில் பிழைத்தால் துளை கோணும், அவ்வளவுதான். நாலு இஞ்சித் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் சாமான். இதில் தட்டை மறைக்கும் காப்பு மூடி (கார்ட்) தகரம் போல மெல்லியது. சுவிட்ச் ஒருமுறை ஓனிலேயே இறுகிவிட்டது, பற்றரியை இழுத்துத்தான் நிறுத்தினேன். ஓனில் கிடக்கும்போது பற்றரியைப் போட்டாலும் உடனே சுழலத் தொடங்கும். நல்ல கம்பனிச் சாமான் பலவற்றில் அதற்குத் தடுப்பு உண்டு. இப்போது வயர் கிறைண்டர்தான் பாவிக்கிறேன். வீட்டில் கரண்ட் பிளக் இருக்கும் இடத்தில் கோட்லெஸ் எதற்கு?

மாதத்தில் ஓரிரு துளை போடுபவருக்கு இந்த ட்ரில் போதும். கூலிக்கு வேலை செய்பவர் வாங்க வேண்டாம். கட்டாயம் வாங்குவதென்றால், உள்ளூரில் வாரண்டியோடு விற்கும் நடுத்தர சீனப் பிராண்டுகளையும் ஒருமுறை விலை கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவு.