ஹேப்லஸ், இல்-ஃபேட்டட், டூம்ட், ஃபியூட்டைல்: எந்தத் துயரத்துக்கு எந்தச் சொல்?

“புயலில் சிக்கிய அந்த மீனவரைத் தம்பிகள் மூன்று நாள் தேடியும் பலனில்லை.” ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது இந்த ஒற்றை வரியில் நான் இரண்டு பிழைகள் செய்தேன். மீனவருக்கு ‘ஹேப்லஸ்’ என்று போட்டேன், தேடலுக்கு ‘ஃபியூட்டைல்’ என்று போட்டேன். அதிர்ஷ்டமற்ற, பயனற்ற என்று அகராதி சொல்லும் பொருள் இரண்டுக்கும் பொருந்தத்தான் செய்தது. படித்துப் பார்த்த தோழி இரண்டையும் சுழித்துவிட்டு, “செத்துப்போன மனிதர் மேல் உனக்கு என்ன கோபம்?” என்று கேட்டார்.

ஹேப்லஸ் என்ற சொல்லின் வேரில் கோபம் எதுவும் இல்லை. ‘ஹேப்’ என்றால் பழைய வழக்கில் அதிர்ஷ்டம். ஹேப்பி, பெர்ஹேப்ஸ் எல்லாம் அதே குடும்பம்தான். ஆனால் இன்றைய வழக்கில் அந்தச் சொல்லோடு ஒரு சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: எதைத் தொட்டாலும் துலங்காதவர், பார்ப்பவர்களுக்குப் பாவமாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருப்பவர். ஐந்து கோல் விட்ட கோல்கீப்பரை அப்படிச் சொல்லலாம். குற்றச் செய்திகளில் ‘ஹேப்லஸ் விக்டிம்’ என்று வருமிடத்தில் நிராதரவு என்ற பொருளே மேலோங்கும் என்பது உண்மை. இருந்தாலும் இறந்தவருக்கு அந்தச் சொல்லை நான் இனி எழுத மாட்டேன். ‘அன்லக்கி’யும் உதவாது, அது பரிசுச்சீட்டில் ஓர் எண் தவறியவருக்குப் போதுமான சொல். ‘அன்ஃபார்ச்சுனேட்’ சற்றுச் சம்பிரதாயமானது. ஆனால் அதில் இரக்கம் இருக்கிறது, ஏளனம் இல்லை.

ஆளை விட்டு முயற்சிக்கு வந்தால், உண்மையான போட்டி இல்-ஃபேட்டட், டூம்ட் என்ற இரண்டுக்கும் இடையில்தான். இரண்டுமே ‘விதி கெட்ட’ என்று பெயர்க்கப்படுகின்றன. இவற்றைப் பிரித்துக்காட்ட ஒரு காகிதம் போதும்.

1845இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரெபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் 129 பேர் ஆர்க்டிக் பனிக்கடலுக்குள், அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழி தேடிப் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. 1859இல் கிங் வில்லியம் தீவில், கற்குவியல் ஒன்றில் அவர்கள் விட்டுச்சென்ற ஒரு தாள் கிடைத்தது. அதில் 1847 மே 28 என்று நாளிட்டு, ‘எல்லோரும் நலம்’ என்று எழுதியிருந்தது. அதே தாளின் ஓரங்களில், 1848 ஏப்ரலில் நெருக்கி எழுதிய வரிகள்: கப்பல்களைக் கைவிட்டுவிட்டோம், ஃபிராங்க்ளின் 1847 ஜூன் 11இல் இறந்துவிட்டார், இதுவரை 24 பேர் மாண்டார்கள்.

இல்-ஃபேட்டட் என்பது அந்த ஓரத்தில் நின்று பேசும் சொல். முடிவு தெரிந்தபின் திரும்பிப் பார்த்து, இது இப்படி முடிந்ததே என்று வருந்துகிறது. யார் மீதும் பழி போடுவதில்லை. அதனால்தான் ஆங்கில எழுத்தாளர்கள் இந்தப் பயணத்துக்கு அதையே வழக்கமாகச் சேர்க்கிறார்கள். டூம்ட் அப்படி இல்லை. ‘டூம்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் தீர்ப்பு. அந்த அடைமொழியைப் போட்டால், ‘எல்லோரும் நலம்’ என்று எழுதிய நாளிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். காரணம் காட்ட முடியாத இடத்தில் இல்-ஃபேட்டட் போதும். இன்னும் முடியாத முயற்சியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் நிலைமை தலைகீழ். அங்கே டூம்ட் வரலாம், இல்-ஃபேட்டட் பொதுவாகப் பொருந்தாது.

என் இரண்டாவது பிழைக்கு வருகிறேன். ஃபியூட்டைல் என்பதன் லத்தீன் மூலத்துக்கு எளிதில் ஒழுகிவிடுகிற என்று பொருள். ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் தங்காது. விழலுக்கு இறைத்த நீர் இந்தச் சொல்லுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். இலவு காத்த கிளியும் இங்கேதான் வரும். இலவம் நெற்று வெடித்தால் பஞ்சுதான், எத்தனை நாள் காத்திருந்தாலும் அது கனியாகப் போவதில்லை. ‘ஃபுரூட்லெஸ்’ என்ற சொல்லுக்குள் பழம் இருக்கிறதே என்று கிளியை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்துவிடாதீர்கள். ஃபுரூட்லெஸ் என்றால் பலன் கிடைக்கவில்லை என்றுதான் பொருள், கிடைத்திருக்கவே முடியாது என்றில்லை.

ஃபிராங்க்ளினின் மனைவி ஜேன் கணவரைத் தேடிக் கப்பல்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். எரெபஸ் 2014இலும் டெரர் 2016இலும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் வெறுங்கையோடு திரும்பிய ஒவ்வொரு தேடலும் ஃபுரூட்லெஸ்தான். அவற்றை ஃபியூட்டைல் என்பது தவறு, அந்த மனைவிக்கு இழைக்கும் கொடுமையும்கூட.

மற்றவை சுருக்கமாக. ‘வெய்ன்’ முயற்சிக்கு வந்தால் வீண், மனிதருக்கு வந்தால் தற்பெருமை பிடித்தவர், கவனம் தேவை. ‘அபார்ட்டிவ்’ என்றால் பாதியிலேயே கலைந்தது. தோற்றுப்போன ஆட்சிக்கவிழ்ப்புக்கு ஆங்கில நாளிதழ்கள் அதை எடுப்பதுண்டு. ‘ஸ்டார்-கிராஸ்ட்’ ஷேக்ஸ்பியர் தன் காதலர்களுக்குத் தந்தது, பெரும்பாலும் காதலோடுதான் அது ஒட்டும்.

திருத்திய வரியில் மீனவருக்கு அடைமொழியே வைக்கவில்லை, புயலே போதுமானதாக இருந்தது. தேடலுக்கு ஃபுரூட்லெஸ் என்று எழுதினேன். மூல ஆசிரியர் ‘தேடியது வீண்’ என்று எழுதாமல் ‘தேடியும் பலனில்லை’ என்று எழுதியிருந்ததை அப்போதுதான் நிறுத்திப் படித்தேன்.