பைபாஸுக்குப் பிறகு உடற்பயிற்சி: மையத்துக்குப் போவதா, வீட்டிலேயே நடப்பதா?

இதய பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது என் முன்னே இரண்டு வழிகளை வைத்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் இதய மறுவாழ்வு மையத்துக்குப் போய், ஈசிஜி ஒயர்களை ஒட்டிக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் கண்ணெதிரே பயிற்சி செய்வது ஒன்று. நடைப்பயிற்சி அட்டவணையை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்வது இன்னொன்று. நான் முதலில் வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஐந்து வாரம் கழித்து மையத்துக்கு மாறி, 12 வாரம் போனேன். இன்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்: முடிந்தவர்கள் முதல் சில வாரங்களாவது மையத்துக்குப் போய்விடுங்கள்.

வீட்டுப் பயிற்சியின் வசதியை விளக்க வேண்டியதில்லை. அலைச்சல் கிடையாது, நேரம் நம் கையில். பலனிலும் அது சளைத்ததில்லை. ஆபத்து குறைவான நோயாளிகளிடம் இரண்டு முறைகளும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கைகள் சொல்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் ‘வீட்டுப் பயிற்சி’ என்றால் பெரும்பாலும் முதலில் சோதித்து அளவு குறித்துக் கொடுத்து, பிறகு செவிலியரோ பிசியோதெரபிஸ்ட்டோ தொலைபேசியில் விசாரித்துக்கொண்டே இருக்கும் ஏற்பாடு. எனக்குக் கிடைத்தது ஒரு தாள். இரண்டும் ஒன்றல்ல.

என் முடிவை மாற்றியது ஒரே கேள்வி: எவ்வளவு வேகமாக நடக்கலாம்? எத்தனை நிமிடம் என்று தாளில் இருந்தது, எத்தனை வேகம் என்பது இல்லை. நாடியைப் பிடித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பைபாஸ் செய்தவர்களில் பெரும்பாலோர் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள். அது துடிப்பை அடக்கி வைக்கும். அதனால் வயதை வைத்துத் துடிப்புக் கணக்குப் போடும் வழக்கமான சூத்திரம் நமக்கு ஒத்துவராது.

மையத்தில் அதற்குப் பதிலாக, எவ்வளவு சிரமமாக உணர்கிறோம் என்பதற்கு நாமே எண் கொடுக்கும் போர்க் அளவுகோலைக் கற்றுத் தந்தார்கள். குன்னார் போர்க் என்ற ஸ்வீடன் உளவியலாளர் உருவாக்கியது. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது என்ற நிலை. பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமானவரின் துடிப்பு தோராயமாக வரும் என்பதால்தான் 6-இல் தொடங்குகிறது. எனக்குச் சொன்ன இலக்கு 11 முதல் 13.

முதல் நாள் டிரெட்மில்லில் “இப்போ எத்தனை?” என்று கேட்டார்கள். “15” என்றேன். திரையில் துடிப்பு 96, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது, நானோ முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னார்: “பயத்துக்கு நம்பர் போடாதீங்க சார், மூச்சுக்குப் போடுங்க.” ஐந்து வாரமாக நெஞ்சில் தையல் இழுத்தபோதெல்லாம் இதயம்தான் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டிருக்கிறேன். நெஞ்செலும்பு ஆறும் வலி எது, நின்றே தீர வேண்டிய நெஞ்சு அழுத்தம் எது என்று அங்கேதான் பிரித்துப் பார்க்கப் பழகினேன். பக்கத்து டிரெட்மில்காரர் எனக்கு நேரெதிர். மூச்சு இரைக்க இரைக்க “11” என்பார், அவருக்கு வேகத்தைக் குறைத்தார்கள். இந்த இரண்டு தவறுகளையும் தாளால் திருத்த முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். வீட்டில் நடந்து முடித்ததும் அப்படியே உட்காருவேன், தலை சுற்றும். நடக்கும்போது காலில் விரிந்த ரத்தக் குழாய்கள் உடனே சுருங்குவதில்லை, ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைக்கால் தசையோ நின்றுவிடுகிறது. கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிற்கப் பழகிய பிறகு அந்தத் தலைசுற்றல் வரவில்லை.

ஆறு நிமிட நடைச் சோதனையில் தொடக்கத்தில் 340 மீட்டர் போனேன், 12 வாரம் முடிவில் 470. இதில் பயிற்சிக்கு எவ்வளவு பங்கு, காயம் தானாக ஆறியதற்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் இதயத்தின் பம்பிங் நன்றாக இருந்தது, துடிப்புக் கோளாறும் வரவில்லை. பம்பிங் குறைந்தவர்கள் என் அனுபவத்தை வைத்து முடிவெடுக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். காணொளி வழிப் பயிற்சி எனக்குப் பழக்கமில்லை.

மையம் தொலைவு, போக வழியே இல்லை என்பவர்கள் ஒரே ஒரு முறையாவது போய் உங்கள் அளவைக் குறித்து வாங்கி வாருங்கள். பாடமுடியாது, ஆனால் பேச முடியும் என்ற வேகத்தில் நடங்கள். நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், தாறுமாறான துடிப்பு, நெஞ்செலும்பில் ‘கிளிக்’ சத்தம் இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். நெஞ்சு அழுத்தம் ஓய்வெடுத்தும் விடாவிட்டால் ஆம்புலன்ஸ்தான்.

நான் இப்போது வீட்டில்தான் நடக்கிறேன், வாரத்துக்கு ஐந்து நாள். நோட்டில் நிமிடத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதுகிறேன். நேற்று: 35 நிமிடம், 12.