எஃப்எம்எஸ் கிட்: ராணுவப் பயிற்சிக் களத்தில் எவ்வளவு தேறும்?

உடல் எப்படி அசைகிறது என்று பார்த்து மதிப்பெண் போடும் சோதனைதான் எஃப்எம்எஸ் (ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்கிரீன்). ஒரு பலகை, நீளமான கம்பு, தடை அமைக்க இரண்டு குட்டைக் கம்புகள், ஒரு எலாஸ்டிக் கயிறு. கிட் இவ்வளவுதான். பேட்டரி, ஆப் எதுவும் வேண்டாம் என்பதே முகாமில் இதற்குப் பெரிய பலம்.

7 அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. வலித்தால் 0. இடது, வலது இரண்டில் குறைந்ததுதான் கணக்கு. புஷ்-அப் சோதனையில் ஆண்களுக்குக் கட்டைவிரல் நெற்றி மட்டத்தில் இருந்தால் 3, தாடை மட்டம் என்றால் 2. பெண்களுக்குத் தாடை, காறை எலும்பு மட்டங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் காலைத் தூக்கித் தாண்டும் தடைக் கயிற்றில்தான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டின் உயரத்துக்கு, ஆளுக்கு ஆள் மாற்றிக் கட்ட வேண்டும். வரிசை நீளமானால் யாரும் மாற்றுவதில்லை. பூட்ஸோடு ஸ்குவாட் பார்ப்பதும் வீண். குதிகால் உயரம் கணுக்காலின் இறுக்கத்தை மறைத்துவிடும்.

அமெரிக்க மரீன் படையின் அதிகாரிப் பயிற்சியாளர்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், 14, அதற்குக் கீழே எடுத்தவர்களுக்குக் காயம் அதிகம். ஆனால் 14ஐத் தாண்டியவர்களிலும் நிறையப் பேர் காயப்பட்டார்கள். ஆகவே 14ஐ வைத்து ஆளைக் கழிப்பது அநியாயம். 0 வாங்கியவரை பிசியோவிடம் அனுப்பவும், இரு பக்க வித்தியாசம் பிடிக்கவும் இந்தக் கிட்டைத் தாராளமாக வாங்கலாம்.

முதுகில் சுமையோடு நடந்து களைத்த உடம்பு எப்படி அசையும் என்பதை மட்டும் இதனிடம் கேட்காதீர்கள்.