மூன்று நட்சத்திரத்தை நான்காக்கிய பின்கதவு

இந்த நைட் கிளப்பைப் பற்றி நான் எழுதும் இரண்டாவது மதிப்புரை இது. மூன்று மாதங்களுக்கு முன்பு மூன்று நட்சத்திரம் மட்டும் கொடுத்து, அதற்கான காரணத்தையும் சற்றுக் கடுமையாகவே எழுதியிருந்தேன். நிர்வாகத்திடமிருந்து வந்த பதிலும், அந்தப் பதிலை நம்பலாமா என்று பார்ப்பதற்காகவே நான் மீண்டும் போய்வந்த இரண்டு இரவுகளும் என் கருத்தை மாற்றிவிட்டதால், பழையதை நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன். இளமையில் ஆறு ஆண்டுகள் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவன் என்பதால், என் கண் போகும் இடங்கள் கொஞ்சம் வேறாக இருக்கும். விளக்கு அலங்காரத்தையும் சோபாக்களின் மென்மையையும் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு வேறு மதிப்புரைகள் ஏராளமாக இருக்கின்றன.

முதல் முறை என்னைக் கோபப்படுத்தியது பின்கதவு. கழிப்பறைக்குச் செல்லும் நடைவழியின் கடைசியில் அவசர வழி இருக்கிறது. அதன் மேல் பச்சை விளக்கும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. ஆனால் கதவுக்கு முன்னால் காலி பாட்டில் கிரேட்டுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அங்கே நின்ற ஊழியரிடம் கேட்டபோது, “கூட்டம் குறைந்ததும் எடுத்துவிடுவோம், சார்” என்றார். கூட்டம் குறைந்த பிறகு அந்தக் கதவு யாருக்குத் தேவை?

இதை நான் பெரிதுபடுத்துவதாக நினைப்பவர்களுக்காகச் சில பழைய செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1942இல் பாஸ்டன் நகரின் கோகோனட் குரோவ் என்ற நைட் கிளப்பில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். முன்வாசலின் சுழல்கதவு நெரிசலில் சிக்கி நின்றுவிட்டது, மற்றக் கதவுகளில் சில பூட்டியிருந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவையாக இருந்ததால் முட்டிய கூட்டமே அவற்றை மூடிவிட்டது. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற கிளப்பில், மேடையில் கொளுத்திய வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றி 100 பேர் உயிரிழந்தார்கள். வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த வாசலை நோக்கியே ஓடியதால், இரண்டு நிமிடங்களுக்குள் அந்த வாசல் மனித உடல்களால் அடைபட்டுவிட்டது. 2013இல் பிரேசிலின் சான்டா மரியாவில் கிஸ் என்ற கிளப்பிலும் ஏறக்குறைய அதே வாணவேடிக்கை, அதே நுரைப்பஞ்சு. இறந்தவர்கள் 242 பேர். பணம் கட்டாமல் நழுவுகிறார்கள் என்று எண்ணிக் காவலர்கள் தொடக்கத்தில் தங்களைத் தடுத்ததாக அங்கிருந்து தப்பியவர்கள் சொன்னார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியால்தான், இந்தக் கிளப்பில் நடந்திருக்கும் ஒரு சிறிய மாற்றம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. முன்பு உள்ளே நுழையும்போது ஓர் அட்டை தருவார்கள். குடித்ததையெல்லாம் அதில் குறித்து, வெளியேறும்போது வாசலில் மொத்தமாக வசூலிப்பார்கள். இப்போது ஒவ்வொரு முறையும் கவுண்டரிலேயே பணம் கட்டிவிட வேண்டும். வசூல் வேலை வாசலைவிட்டுப் போய்விட்டதால், யாரையும் வெளியே போகவிடாமல் நிறுத்திவைக்க வேண்டிய அவசியம் காவலருக்கு இல்லை. நிர்வாகம் இதைக் கணக்கு வசதிக்காகச் செய்திருக்கலாம். எந்தக் காரணத்துக்காகச் செய்திருந்தாலும் நல்லதுதான்.

நிர்வாகத்தின் பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். “தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, தங்கள் திருப்தியே எங்கள் நோக்கம்” என்ற வகைப் பதில்களைப் படித்துச் சலித்தவன் நான். நான்கு நாட்களில் வந்த இந்தப் பதிலில் நன்றி ஒரே ஒரு முறைதான் இருந்தது. கிரேட்டுகள் வெளியே உள்ள கொட்டகைக்கு மாற்றப்பட்டுவிட்டன என்றும், ஒவ்வொரு நாளும் திறப்பதற்கு முன் எல்லாக் கதவுகளையும் ஒருவர் தள்ளிப் பார்த்துக் கையெழுத்திடுகிறார் என்றும், ஒலி அளவு குறித்த புகாருக்கு இன்னும் தீர்வு காணவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். முடியாததை முடியவில்லை என்று ஒப்புக்கொண்ட அந்த மூன்றாவது வரிதான் முதல் இரண்டையும் என்னை நம்பவைத்தது.

இரண்டாவது முறை வேண்டுமென்றே சனிக்கிழமை இரவு சென்றேன். வாசலில் நின்றவர் கையடக்க எண்ணியை அழுத்தி ஆட்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை நிரம்பியதும், ஒருவர் வெளியே வந்தால்தான் ஒருவர் உள்ளே போக முடிந்தது. ஏற்கெனவே போதை ஏறியிருந்த ஓர் இளைஞரை அவர் திருப்பி அனுப்பிய விதம் எனக்குப் பிடித்தது. நண்பர்களின் முன்னால் மறுக்காமல் இரண்டடி தள்ளி அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலில் பேசி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வண்டி வரும்வரை பக்கத்திலேயே நின்றார். கூட்டாளிகளின் முன்னால் அவமானப்படுத்தப்பட்டவன்தான் கைநீட்டுவான் என்பது வாசலில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும்.

கவுண்டரிலும் குறை சொல்ல அதிகமில்லை. மதுவைக் கண்ணளவில் ஊற்றாமல் ஜிக்கர் என்ற சிறிய அளவைக் கிண்ணத்தில் அளக்கிறார்கள். கேட்காமலேயே தண்ணீர் வைக்கிறார்கள். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய ஒரு நிலையான அளவு மதுவைத்தான் கரைக்கும் என்பதால், காபியோ குளிர்ந்த நீரோ போதையைத் தெளியவைப்பதில்லை, இடைவெளிதான் தெளியவைக்கும். இங்குள்ள பார்டெண்டர் ஒருவர், வேகமாகக் குடித்துக்கொண்டிருந்த ஒரு குழுவின் அடுத்த சுற்றைப் பேச்சுக் கொடுத்தே கால் மணி நேரம் தள்ளிப்போட்டதை ரசித்துப் பார்த்தேன். ஐஸ் தொட்டிக்கு அருகே ஒரு கண்ணாடிக் குவளை உடைந்தபோது, அவர் ஒரு நொடிகூடத் தயங்காமல் சிவப்பு சிரப்பை ஐஸின் மீது ஊற்றினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். உடைந்த கண்ணாடித் துண்டும் ஐஸும் ஒரே நிறம். அந்த ஐஸை வேறு எவரும் மறந்துபோய் அள்ளிவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பிறகு வெந்நீர் ஊற்றி முழுவதையும் உருக்கி, தொட்டியைத் துடைத்துப் புதிய ஐஸ் நிரப்பினார்கள். எங்கள் காலத்தில், மேலாகத் தெரியும் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்களும் உண்டு.

என்னுடன் வந்த தோழி, பெண்கள் கழிப்பறையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருப்பதாகச் சொன்னார்: உடன் வந்தவரால் அச்சமோ சங்கடமோ ஏற்பட்டால், கவுண்டரில் ஒரு குறிப்பிட்ட பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும், ஊழியர்கள் சத்தமில்லாமல் உதவுவார்கள். 2016இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ‘ஏஞ்சலாவைக் கேளுங்கள்’ என்று தொடங்கிய ஏற்பாட்டின் வழிவந்தது இது. சுவரொட்டி ஒட்டுவது எளிது. ஆகவே, வேலையில் சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஓர் ஊழியரிடம் இதைப் பற்றித் தோழி விசாரித்தார். யாரிடம் தகவல் சொல்வது, எந்த அறைக்கு அழைத்துச் செல்வது, வண்டியை எந்த வாசலுக்கு வரவழைப்பது என்பதையெல்லாம் அந்தப் பெண் தடுமாறாமல் சொன்னாராம்.

இனி குறை. ஒலிபெருக்கிக்கு அருகே என் கைபேசிச் செயலி 104 டெசிபல் காட்டியது. கைபேசிக் கணக்கு துல்லியமானதல்ல. ஆனாலும் பக்கத்தில் நிற்பவரின் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டியிருந்தது உண்மை. இத்தகைய இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்திருக்கிறது. பணியிடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரை இன்னும் கறாரானது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதன் பிறகு ஏறும் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதி. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். வாடிக்கையாளர் இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவார். அந்தப் பார்டெண்டர் விடியும்வரை அங்கேயே நிற்கிறார். என் இடது காதில் இன்றும் ஓயாமல் கேட்கும் ரீங்காரம் அந்த ஆறு ஆண்டுகளின் மிச்சம். ஒலிபெருக்கிகளைக் கவுண்டரின் பக்கம் பார்க்காமல் நடனத் தளத்தை நோக்கிக் கீழ்முகமாகத் திருப்பி, ஊழியர்களுக்குக் காதடைப்பான் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஐந்தாவது நட்சத்திரம் அதற்காகக் காத்திருக்கிறது.

மூன்றாவது முறை மூடும் நேரம்வரை இருந்தேன். பளிச்சென்று எல்லா விளக்குகளையும் போட்டு விரட்டும் பழக்கம் இங்கே இல்லை. கடைசி அரை மணி நேரத்தில் இசை படிப்படியாகத் தணிய, வெளிச்சம் மெல்ல ஏறியது. கிளம்புவதற்கு முன் அந்த நடைவழிக்குச் சென்று பின்கதவின் கம்பியைத் தள்ளினேன். வெளிப்பக்கமாக, ஒரே தள்ளில் திறந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த காவலர், “இந்தப் பக்கமாகப் போகிறீர்களா, சார்?” என்றார். சும்மா பார்த்தேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி, தன் பங்குக்கு ஒருமுறை தள்ளித் திறந்து பார்த்துக்கொண்டார்.