பழைய காருக்கு போனில் ஸ்பேர் வாங்குபவர்கள் கவனத்துக்கு: என் 18,400 ரூபாய் போன கதை

நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கோபம் ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். போனது 18,400 ரூபாய். பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் மலையில் ஓட்டுபவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். ஸ்பேர் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு. அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. என்னையும் தங்கையையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது இந்த வண்டிதான். 1998-இல் ஷெட்டில் நிறுத்தியதோடு சரி. குன்னூர் ஈரம் எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தார்ப்பாய் போட்டு மூடினாலும் அடியில் துரு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அப்பாவுக்கு இப்போது 81 வயது. "ஒரே ஒரு தடவை மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கிட்டு வரணும்டா" என்றார். அதற்காகத்தான் வேலையை ஆரம்பித்தேன்.

ஹெரால்டு இங்கிலாந்து டிரையம்ப் கம்பெனி வண்டி, 1961-இலிருந்து சென்னையில் செய்தார்கள். ஆனால் இந்த நாலு கதவு உடம்பு நம் ஊரில் மட்டும், 1968-இல் வந்தது. இங்கிலாந்தில் விற்றதெல்லாம் இரண்டு கதவுதான். அதனால் இன்ஜின் சாமான், பிரேக் சாமான் என்றால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வழி உண்டு. பின் கதவு சம்பந்தப்பட்ட எதுவும் அங்கே கிடைக்காது. கைப்பிடி, கதவு ஓரத்து ரப்பர் பீடிங், கண்ணாடி எல்லாமே இங்கேயே எங்காவது குடோனில் தூங்கிக்கொண்டிருந்தால்தான் உண்டு. கோவை உக்கடத்தில் இரண்டு நாள் அலைந்தேன். அம்பாசிடருக்குக் கிடைக்கிறது, பத்மினிக்குக் கிடைக்கிறது, ஹெரால்டு என்றதும் சிரிக்கிறார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் பழைய கார்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு போன் குழுவில் ஒருவர் வந்தார். பேரைச் சொல்லப்போவதில்லை. குழுவின் பேரும் வேண்டாம். "ஹெரால்டு ஸ்பேர், மெட்ராஸ் ஸ்டாக், பெட்டி பிரிக்காதது" என்று படம் போட்டிருந்தார். நான் கேட்டதும் அவர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, மார்க் 3-ஆ, இல்ல கேஸலா?"

அந்த ஒரு கேள்வியில்தான் நான் விழுந்தேன். ஹெரால்டுக்கு அப்புறம் 1972-இல் கேஸல் வந்தது, வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் எல்லா சாமானும் ஒன்றுக்கொன்று சேராது. இது தெரிந்தவர் எப்படி ஏமாற்றுவார் என்று நினைத்துவிட்டேன். விவரம் தெரிவது வேறு, நேர்மை வேறு. அந்த நேரத்தில் இது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து ஒரு வீடியோ அனுப்பினார். பின் சக்கரத்து வீல் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் பிரேக் கட்டையைத் தள்ளுவது) இரண்டு, மஞ்சளாகிப்போன லேபிள் ஒட்டிய அட்டைப்பெட்டி, பக்கத்தில் வெர்னியர் வைத்து அளந்து காட்டுகிறார். அளவு சரியாக இருந்தது. அப்புறம் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அப்பா இருக்காங்களா? குடுங்கண்ணே, ஒரு வணக்கம் சொல்றேன்" என்றார். அப்பாவும் போனை வாங்கி, பர்லியாரில் மழையில் வண்டி நின்றுபோய் எங்களையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் காவல் இருந்த கதையை முழுசாகச் சொன்னார். பத்து நிமிஷம். அந்த ஆள் பொறுமையாக "அப்படியாய்யா, அப்படியாய்யா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் அப்பா என்னைப் பார்த்து, "நல்ல பையன்டா, பணத்தை அனுப்பிடு" என்றார்.

அனுப்பிவிட்டேன். வீல் சிலிண்டர் இரண்டுக்கும் சேர்த்து 9,600. இடது பின் கதவு கைப்பிடி 3,800. பின் கதவு பீடிங் செட் 5,000. மொத்தம் 18,400 ரூபாய், ஒரே தடவையில், முழுத் தொகை. பாதி இப்போது, பாதி சாமான் வந்த பிறகு என்று சொல்ல வாய் வரவில்லை.

பார்சல் பதினோரு நாள் கழித்து வந்தது. பீடிங்கை எடுத்து மடக்கிப் பார்த்தேன், மடக்கிய இடத்தில் வெடித்தது. காய்ந்துபோன ரப்பர் மேல் கறுப்பு பாலிஷ் தேய்த்திருக்கிறார்கள், கையெல்லாம் கறுப்பு. கைப்பிடி வேறு ஏதோ வண்டியுடையது, உள்ளே போகிற சதுரக் கம்பி ஒரு விரற்கடை குட்டை. சரி, இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். வீல் சிலிண்டர்தான் என் வயிற்றைக் கலக்கியது.

பார்வைக்கு அது புத்தம் புதுசு. எங்கள் மெக்கானிக் பாய், நாற்பது வருஷமாக இந்த மலையில் பிரேக் வேலை பார்க்கிறவர், அதை மாட்டிவிட்டு பிரேக் பைப் நட்டை விரலால் வைத்துச் சுற்றினார். நட் தானாக உள்ளே ஓடியது. பாய் கையை நிறுத்திவிட்டார். "இது இப்படி ஓடக்கூடாதே தம்பி" என்றார். ஸ்பேனர் வைத்து லேசாக இறுக்கினார், பிடித்தது. இன்னும் கால் சுற்று. உள்ளே ஏதோ சறுக்குகிற மாதிரி இருந்தது எனக்கே தெரிந்தது. ஆயில் ஊற்றி, ஏர் எடுத்துவிட்டு, என்னை உட்கார்ந்து பெடலை மிதிக்கச் சொன்னார். முதல் இரண்டு மிதி நன்றாக நின்றது. மூன்றாவது மிதிக்கு பெடல் மெத்தை மாதிரி உள்ளே போனது. இறங்கி வந்து பார்த்தால், பின் தட்டில் பிரேக் ஆயில் நூல் மாதிரி வழிகிறது.

காரணம் இதுதான். ஹெரால்டின் பிரேக் பைப் நட் அங்குல மரை, 3/8 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 மரை. அதாவது ஒன்பதரை மில்லி சொச்சம் தடிமன். வந்திருந்த சிலிண்டரின் துளை 10 மில்லி, மெட்ரிக் மரை, வேறு ஏதோ பிற்கால வண்டியுடையது. தடிமனில் வித்தியாசம் அரை மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. மரை இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் நட் உள்ளே போகும், பிடித்த மாதிரியும் காட்டும். ஆனால் மரையின் நுனிகள் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அழுத்தம் ஏறினால் கழன்றுவிடும். பழைய சிலிண்டரில் அதே நட்டைப் போட்டுக் காட்டினார் பாய். முதல் சுற்றிலிருந்தே நிதானமாக, ஆட்டமில்லாமல் போனது.

ஷெட்டில் மூன்றாவது மிதியில் கழன்றது. அன்று கழலாமல் இருந்திருந்தால்? குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவு. இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன், ஒரு இடத்தில் ஒழுகினால் எல்லாம் போச்சு. பக்கத்து சீட்டில் 81 வயது அப்பா. இதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. வெர்னியர் வைத்து வீடியோவில் காட்டினாரே, அது உள் விட்டம் மட்டும். மரையைக் காட்டவே இல்லை. காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை.

பெட்டி லேபிளையும் சொல்லிவிடுகிறேன். ஓரத்தை நகத்தால் கிள்ளினேன். மேலே மஞ்சள், கிள்ளிய இடத்தில் உள்ளே பளீரென்று வெள்ளை. இப்போது அச்சடித்து, எதிலோ நனைத்துக் காயவைத்த காகிதம்.

உடனே போன் செய்தேன். முதல் நாள், "அப்படியா அண்ணே, பேக் பண்ற பையன் மாத்திப் போட்டிருப்பான், பார்த்துச் சொல்றேன்." இரண்டாம் நாள், "உங்க மெக்கானிக்குக்கு ஹெரால்டு தெரியாது போல." பாய்க்குத் தெரியாதாம்! மூன்றாம் நாள், "லேத்துல குடுத்து மரையை மாத்திக்கோங்க, ஒரு ஐநூறு ஆகும், நான் தர்றேன்." அந்த ஐநூறும் வரவில்லை. அப்புறம் "ஊர்ல சாவு", அப்புறம் "ஆஸ்பத்திரில இருக்கேன்". ஒரு வாரம் கழித்து, பார்த்ததற்கான அடையாளம் மட்டும் வரும், பதில் வராது. நேற்றோடு என் நம்பரையே தடுத்துவிட்டார்.

குழு நடத்துகிறவரிடம் முறையிட்டேன். "இது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற விஷயம், குழுவுல சண்டை வேண்டாம்" என்றார். நேற்று மாலை ரசீது, வீடியோ, மரையின் படம் எல்லாவற்றையும் குழுவிலேயே போட்டேன். அரை மணி நேரத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். 18,400 ரூபாயை வாங்கிக்கொண்டவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

அப்பாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. "அந்தப் பையன் அனுப்பிட்டானா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அளவு சேரவில்லை, மாற்றித் தருவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆனால் பாய் பட்டறையில் காத்திருக்கிறார், அவசரத்தில் இவ்வளவுதான் வருகிறது. முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பாதீர்கள். பிரேக் சாமான் என்றால் மரையின் படத்தைக் கேளுங்கள், உங்கள் பழைய நட்டை அதில் போட்டுப் பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். விரலால் சுற்றும்போது லொடலொடவென்று ஓடினால் அங்கேயே நிறுத்துங்கள். ரப்பர் சாமான் பழைய ஸ்டாக் வேண்டவே வேண்டாம். பணம் போனது தெரிந்த அன்றே, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். நான் இவருடைய சமாதானத்தை நம்பி மூன்று வாரத்தைக் கோட்டைவிட்டு, நேற்றுதான் செய்தேன். கழற்றிய பழைய சாமானைத் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கள் பழைய வீல் சிலிண்டர் இரண்டும் பாயிடம்தான் இருக்கின்றன. உள்ளே அரித்துப் போயிருக்கிறது, ஆனால் மரை நன்றாக இருக்கிறது. கோவையில் ஒரு லேத்தில் உள்ளே ஸ்லீவ் (புதுக் குழாய்) போட்டுத் தருகிறார்களாம். இன்றைக்கு அதை எடுத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறேன், பஸ்ஸில்.